நமக்கு ஒரு கூத்துமாடம் வேண்டும்

பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்து நடக்கும் மாதங்களில் அங்கே போய் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கோயிலுக்கு எதிரே கூத்துக்கென்றே கட்டி வைத்த நீண்ட மாடம். அதில் ஒரு திரை. திரைக்குப் பின்னே வரிசையாக 21 விளக்குகள். தோலில் வெட்டிய பாவைகளைப் பிடித்தபடி புலவர்கள் இரவு முழுவதும் பாடுவது கம்பனுடைய தமிழ்ப் பாட்டு. திரைக்கு முன்னே திரும்பிப் பார்த்தாலோ, பல இரவுகளில் ஆளே இல்லை! இராம இராவண யுத்தத்தை நேரில் காண முடியாமற் போன பத்ரகாளிக்காக நடக்கும் கூத்து இது என்பது ஐதிகம். ஆகவே மனிதர் வந்தாலும் வராவிட்டாலும் கூத்து நடந்துகொண்டே இருக்கிறது.

இதே கேரளத்தின் இடுக்கி மலைக்கு வாருங்கள். மூணாறிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் வண்டிப்பெரியாற்றிலும் லயம் லயமாகத் தமிழ்க் குடும்பங்கள். பாடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தப்படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கும்மியும் ஒப்பாரியும் நாவிலே கொண்ட கிழவிகள் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்க, ஒரு படத்தைப் பார்க்க, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேச, மழை படாத ஓர் இடம் எத்தனை டிவிஷனில் இருக்கிறது?

அங்கே மாடம் இருக்கிறது, மக்கள் இல்லை. இங்கே மக்கள் இருக்கிறோம், மாடம் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் சேர்த்து வைத்து யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நமது கருத்து.

இடமும் நாளும்

ஒரு கலை பிழைத்திருக்க அன்பும் ஆர்வமும் மட்டும் போதா. அதற்கு ஓர் இடம் வேண்டும்; தவறாமல் திரும்பி வரும் ஒரு நாளும் வேண்டும். இதற்குப் பாலக்காட்டிலேயே சான்று இருக்கிறது.

நமக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள் அங்குள்ள அக்கிரகாரத்துத் தமிழர்கள். அவர்களும் குடிபெயர்ந்தவர்களே. ஆனால் வந்த இடத்தில் ஒரு தெரு அமைத்தார்கள், ஒரு கோயில் கட்டினார்கள், ஆண்டுக்கொரு தேர்த் திருவிழாவை வைத்துக்கொண்டார்கள். கல்பாத்தித் தேரும் அதையொட்டிய இசை விழாவும் இன்றும் நடக்கின்றன. கோட்டாயியில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896-1974) மிருதங்கம் பாலக்காடு மணி ஐயரும் (1912-1981) இந்த மண்ணிலிருந்துதான் நாடறிய எழுந்தார்கள். அவர்கள் மேதைமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மேதை வளர்வதற்கும் கேட்கிற காதுகள் கூடுகிற ஓர் இடம் தேவைப்படுகிறது.

அந்த இடம் எல்லோருக்கும் திறந்திருந்ததா? இல்லை. 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த அதே காலத்தில், கல்பாத்தித் தெருவில் கால் வைப்பதற்கே ஈழவ மக்கள் போராட வேண்டியிருந்தது. ஆகவே அந்த ஏற்பாட்டை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஓர் இடமும் ஒரு நாளும் இருந்தால் ஊர் விட்டு வந்தவனின் மொழியும் பாட்டும் பல தலைமுறை தாண்டியும் நிற்கும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெருவைப் பூட்டி வைத்த பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

நமக்கு இருக்கும் நாள் எது? ஆண்டுக்கொருமுறை மாரியம்மன் பொங்கல். தேவாலயம் போகிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ். அந்த ஓரிரு நாளில் ஒலிபெருக்கி கட்டி, கடன் வாங்கிப் புதுத்துணி எடுத்து, மூன்றாம் நாள் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்குகிறோம். மீதி நாட்களில் ஆண்களுக்கு மதுக்கடை வாசல். பெண்களுக்கு அடுப்படி. பிள்ளைகளுக்கு அவரவர் கையில் ஒரு செல்போன்.

சட்டம் சொன்னது என்ன?

இதை யாரிடமோ கேட்கும் பிச்சை என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உணவகத்துக்கு 11ஆம் பிரிவு, குழந்தைகள் காப்பகத்துக்கு 12ஆம் பிரிவு, கல்விக்கு 14ஆம் பிரிவு. நடுவிலே 13ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலாளர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தர வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தி மாநில அரசு விதி செய்யலாம் என்பதே அந்தப் பிரிவு. கூலிக்கும் வீட்டுக்கும் அந்தச் சட்டத்தைக் காட்டி நாம் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறோம். 13ஆம் பிரிவைக் காட்டி எத்தனை முறை வாதாடினோம்?

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகுப்பைப் பற்றி நமக்குக் குறைகள் பல உண்டு. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வசதிகளைச் சொல்லும் பகுதியில், வீடு, காப்பகம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியும் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதைக் கட்டடமாக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

துரைமார்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். மலைக்கு வந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் தங்களுக்கென்று மூணாறில் ஹைரேஞ்சு கிளப்பைக் கட்டிக்கொண்டார்கள். அது இன்றும் நிற்கிறது. தனிமையில் கிடக்கும் மனிதன் கூடிப் பேச ஓர் இடமில்லாவிட்டால் உடைந்து போவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஆட்களுக்குக் கால்பந்தும் ஒரு ஷீல்டும் கிடைத்தன. ஃபின்லே ஷீல்டு ஆட்டத்துக்கு டிவிஷன் டிவிஷனாக மக்கள் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு, கூடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் நாம் எப்படிக் கூடுவோம் என்பது தெரியும். ஆனால் பந்து ஆடுகிறவன் இளைஞன். அவன் தாயும் மனைவியும் பாட்டியும் எங்கே கூடுவது?

பெண்கள் சாலையில் கூடினார்கள்

இதற்கு 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் பெண்களே பதில் சொன்னார்கள். போனஸ் குறைக்கப்பட்டபோது, 20 சதவிகிதம் வேண்டும் என்று மூணாறுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் கேட்டது. எந்தத் தலைவரையும் முன்னே நிறுத்தாமல் ஒன்பது நாள் சாலையிலே உட்கார்ந்தார்கள், பேசினார்கள், முழங்கினார்கள். அதற்கு முன்பு அந்தப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார ஓர் இடம் இருந்ததா? தொழிற்சங்க அலுவலகத்தில் ஆண்களின் நாற்காலி. கிளப்பில் ஆண்களின் கேரம் பலகை. கடைசியில் சாலையே அவர்களுக்குச் சபையாயிற்று.

ஆகவே நாம் கேட்கும் இடம் பெண்களை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்ட இடமாக இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று சொல்வது பித்தலாட்டம். அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். இருட்டிய பிறகு யானை நடமாடும் மலைப்பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எப்படி நடப்பாள்? ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிவதே நமக்கு ஏற்ற நேரம். அன்று பகல் சாப்பாட்டை அங்கேயே கூடிச் சமைத்தால் அடுப்படியும் நம்மோடு வந்துவிடும். அடுப்பூதும் வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பாட்டு வெறும் பொழுதுபோக்கா?

"வயிற்றுக்கு வழியில்லை, பாட்டு ஒரு கேடா?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நம் மலையின் வரலாற்றையே நினைவூட்டுகிறோம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அடுத்த ஆண்டு அமைந்த கம்யூனிஸ்டு அமைச்சரவைக்கு 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் பெரிய சோதனையாக வந்தது. ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர். அப்போது மலையேறி வந்து தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடியவர் மலைக்குக் கிழக்கே பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அன்றே பேசப்பட்டது. அண்ணன் பின்னால் ஆர்மோனியத்தோடு மேடை மேடையாகச் சென்ற தம்பிதான் பின்னர் உலகறிந்த இளையராஜா.

அரசியல் பாட்டாக இருந்தாலும் தாலாட்டாக இருந்தாலும், கூடிக் கேட்ட பாட்டு கூட்டத்தைக் கட்டிப் போடுகிறது. கூலி உயர்வுக்குச் சங்கம் வேண்டும். சங்கத்துக்கு ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளச் சண்டையில்லாத ஒரு நாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பிடித்துக்கொள்வோம் என்பவர்கள் வேரை விட்டுவிட்டுக் கொழுந்தைக் கேட்கிறார்கள்.

படம் தனியாகப் பார்ப்பதா?

சினிமாவைப் பற்றியும் இதையே சொல்வோம். படம் பார்க்காத வீடு இன்று கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு மூலையில், ஆளுக்கொரு சிறு திரையில் பார்க்கிறோம். பார்த்துவிட்டு யாரோடும் பேசுவதில்லை.

2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' நம் கதை. தேனி மாவட்டத்து அடிவாரத்துக்கும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கும் இடையே சுமை தூக்கி நடக்கும் ஒருவன், ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைக்கிறான். கடைசியில் தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவற்காரனாக உட்கார்கிறான். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நாள்தோறும் ஏலக்காட்டுக்குப் போய்வரும் பெண்கள் இந்தப் படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் எப்படியிருக்கும்? படம் முடிந்ததும் அவர்கள் பேசப் போவது நடிகரைப் பற்றியா, நிலத்தைப் பற்றியா? மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்த நாவலைத் தழுவி, 2013இல் பாலா எடுத்த 'பரதேசி'யும் அப்படியே. அதில் சில இடங்களை நம் முதியவர்கள் ஒப்ப மாட்டார்கள். நல்லது, அதை எழுந்து சொல்லட்டுமே! பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.

ஊர் ஊராகப் படம் காட்டுவது கேரளத்துக்குப் புதிதன்று. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1977இல் 'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தைத் தந்த ஜான் ஆபிரகாம், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற அமைப்பைக் கண்டார். அவர்கள் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ச் சார்லி சாப்ளின் படத்தைக் காட்டினார்கள். மக்களிடம் சில்லறை வசூலித்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு 1986இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை எடுத்தார்கள். அன்று புரொஜெக்டருக்கும் பெட்டிக்கும் ஆள் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கருவி ஒரு பைக்குள் அடங்கிவிடுகிறது. பொதுவில் காட்டுவதற்குப் படத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பிள்ளைகளுக்கு எந்த மொழி?

நம் பிள்ளைகளில் சிலர் தமிழ் வழியில் படிக்கிறார்கள். பலர் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். படிக்கட்டும், வாழ்கிற மண்ணின் மொழி தெரியாதவனுக்குப் பஞ்சாயத்திலும் ஆஸ்பத்திரியிலும் வழியில்லை. ஆனால் பாட்டி சொல்லும் விடுகதை பேரனுக்குப் புரியாமல் போனால் அந்த வீட்டில் ஒரு சுவர் எழுந்துவிட்டது என்று பொருள். பாடப் புத்தகத்தால் மட்டும் அந்தச் சுவரை இடிக்க முடியாது. மாதம் ஒரு நாள் பாட்டியை மேடையேற்றிக் கதை சொல்லச் சொன்னால் இடியும்.

மொழி ஆர்வத்துக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை என்பதற்கு இடமலைக்குடியைப் பார்க்க வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான அந்தக் காட்டுக்குள், முதுவான் சமூகத்தைச் சேர்ந்த பி. வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் தம் தேநீர்க் கடையிலேயே ஒரு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். மண் குடிசை. சாக்குப் பைகளில் 160 புத்தகங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்துச் செல்லப்பட்ட நூல் எது தெரியுமா? இளங்கோவின் சிலப்பதிகாரம், மலையாள மொழிபெயர்ப்பில்! சித்திரைப் பௌர்ணமியன்று இரு மாநில மக்களும் ஏறிவரும் மங்கலதேவிக் கண்ணகி கோயிலும் நமது மாவட்டத்து எல்லையில்தானே இருக்கிறது. கண்ணகி கதைக்கு எல்லைச் சாவடி கிடையாது.

யார் பணம், யார் பொறுப்பு?

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. முதலில், புதிதாகக் கட்டடம் வேண்டாம். பல தோட்டங்களில் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் கிளப் கட்டடம் இருக்கிறது. அதன் சாவியைக் கேட்போம். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, முதலமடைப் பகுதிகளிலும், நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் பள்ளிக்கூட அறையோ வாசகசாலையோ கிடைக்கும்.

அடுத்து, கேரளத்து நூலக இயக்கம். 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் ஊருக்கு ஊர் வாசகசாலையைக் கொண்டுபோனது. 1989ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் கட்டட வரியோடு 100க்கு 5 வீதம் நூலக வரி வசூலிக்க வகை செய்தது. நூலக கவுன்சிலில் இணைந்த வாசகசாலைக்கு மானியம் உண்டு. பிள்ளைகளுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி என்ற அமைப்புகளும் உண்டு. மலையாளத் தோழர்கள் இந்த வழியைச் சிறப்பாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களில் நாமும் முறைப்படி பதிவு செய்து தமிழ்ப் புத்தகங்களோடு வாசகசாலை அமைத்தால் அந்த மானியத்தைக் கேட்கும் உரிமை நமக்கும் வரும்.

மூன்றாவது, நம் சொந்தக் காசு. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாரக் கூலியிலிருந்து பென்னி பென்னியாகப் பிடித்துக் கொடுத்துத் தொழிலாளர் மன்றங்களைக் கட்டினார்கள். ஒரே கூரைக்குள் நூலகம், நாடக மேடை, சினிமா எல்லாம் இருந்தன. பின்னர் 1920இல் வந்த சட்டம், வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் நல நிதிக்கு முதலாளிகள் கட்ட வேண்டும் என்றாக்கியது. டிரெடிகர் ஊரில் அத்தகைய மன்றத்து நூலகத்தில் படித்து வளர்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளிதான் அனூரின் பெவன். 1948இல் பிரிட்டன் மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த மந்திரி அவரே! தொழிலாளி போட்ட பென்னி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். முதலில் தொழிலாளி போட்டான், பிறகு முதலாளியைப் போட வைத்தான். அந்த வரிசை முக்கியம். முழுப் பணத்தையும் கம்பெனியிடம் வாங்கினால் என்ன பாட்டுப் பாடுவது என்பதையும் கம்பெனியே சொல்லும்.

மாதம் ஒரு ஞாயிறு

நம் முன்மொழிவு இதுதான். சம்பளம் வந்ததை அடுத்த ஞாயிறை நாளாக வைப்போம். முதல் ஒரு மணி நேரம் பாட்டும் வாத்தியமும். தப்பு, நையாண்டி மேளம், கும்மி, தேவாலயப் பாடகர் குழு, இளைஞர்களின் கானா எதுவானாலும் சரி. அடுத்து ஒரு படம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையாளப் படம். படத்துக்குப் பின் அரை மணிப் பேச்சு, அதில் முதலில் பெண்கள் பேச வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியே கதை, படம் வரைதல், பாட்டிமார் சொல்லும் விடுகதை. ஆண்டுக்கொருமுறையாவது தோற்பாவைக் கூத்துக் குழுவை மலைக்கு அழைப்போம். கூத்தைக் கோயில் மாடத்துக்கு வெளியே கொண்டுவந்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பத்து ரஜிதா பெண்களை மட்டும் கொண்ட குழுவையே அமைத்திருக்கிறார். ஆளில்லாத மாடத்துக்கு முன் கம்பனைப் பாடி வந்த மரபுக்கு, லயத்துப் பிள்ளைகள் இருநூறு பேர் முன்னால் உட்கார்ந்தால் எத்தனை மகிழ்ச்சியாக இருக்கும்!

விதிகளும் வேண்டும். குடித்துவிட்டு வருபவருக்கு இடமில்லை. தேர்தல் கட்சிக்கொடி உள்ளே வரக்கூடாது. எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். 2017இல் முதலமடையை அடுத்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்களுக்குத் தண்ணீர்க் குழாயிலும் தேநீர்க் கடையிலும் வேறுபாடு காட்டப்படுவதாக எழுந்த புகார் கேரளமெங்கும் பேசப்பட்டது. ஊர் விட்டு வந்தோம், சாதியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம் என்றால் அது நமக்கு வெட்கம். நம் மாடத்தில் பாய் பிரிந்தால் அன்றே மாடத்தை மூடிவிடலாம்.

இன்னொன்று. இன்று நம் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நம்மோடு கொழுந்து பறிக்கிறார்கள். நம் பாட்டன்மார் வந்து இறங்கியபோது அவர்கள் பாட்டு யாருக்கும் புரியவில்லை. இன்று இவர்கள் பாட்டு நமக்குப் புரியவில்லை. அவர்களையும் அழைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்வோம். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பாட்டில் உள்ள வீட்டு ஏக்கம் நமக்குப் புரியாதா?

தோழர்களே, தாய்மார்களே! உங்கள் டிவிஷனில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் போதும். ஒரு மனு எழுதுங்கள். கிளப் கட்டடத்தின் சாவியைக் கேளுங்கள். முதல் ஞாயிறைக் குறியுங்கள். சாவி தர மறுத்தால் கட்டடத்து வாசலிலேயே பாய் விரித்து அந்த நாளை நடத்துங்கள். இரண்டாம் மாதமும் நடத்துங்கள். தவறாமல் கூடுகிற மக்களுக்கு எதிரே கதவு நெடுநாள் பூட்டியிருக்காது.